லிப்போசோம் டாக்சோரூபிசின்: இதயத்தை விட்டுவைத்து உள்ளங்கையைச் சுட்ட மருந்து

டாக்சோரூபிசின் என்ற பெயரை அறியாதவர்கள்கூட, கீமோதெரபி வார்டில் ஊசிக்குழல் நிறைய இருக்கும் அந்த அடர்சிவப்பு மருந்தைப் பார்த்திருப்பார்கள். அதே மருந்தை மிகச் சிறிய கொழுப்புக் குமிழ்களுக்குள் அடைத்துத் தருவதுதான் லிப்போசோம் டாக்சோரூபிசின். கீமோதெரபி மருந்துகளைக் கலந்து கொடுக்கும் அறையில் மருந்தாளுநராக இருக்கும் நான் இரண்டையும் பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறேன். என் அக்கா இரண்டையும் தன் உடலில் ஏற்றுக்கொண்டவர். மார்பகப் புற்றுநோய்க்குச் சாதாரண டாக்சோரூபிசின் அவருக்கு நான்கு முறை கொடுக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்துச் சினைப்பையில் வேறொரு புற்றுநோய் தோன்றி, பிளாட்டினம் மருந்துகளுக்குப் பிறகும் அது திரும்பி வந்தபோது லிப்போசோம் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே மருந்து இரண்டு வடிவங்களில் ஒரே உடலுக்குள் சென்றதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்பதால், இந்த மருந்தைப் பற்றிச் சொல்லப்படுவதில் எது உண்மை, எது மிகை என்று எழுத எனக்கு ஓரளவு உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

குப்பியைக் கையில் எடுத்தவுடனேயே வேறுபாடு தெரிந்துவிடும். சாதாரண டாக்சோரூபிசின் கரைசல் கண்ணாடிபோலத் தெளிந்த சிவப்பு. லிப்போசோம் வடிவம் சற்றே கலங்கலாக, ஒளி ஊடுருவியும் ஊடுருவாமலும் இருக்கும் சிவப்பு. அந்தக் கலங்கல் தரக்குறைவின் அடையாளம் அல்ல. ஏறத்தாழ 80 முதல் 100 நானோமீட்டர் அளவுள்ள எண்ணிலடங்காக் குமிழ்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது அது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இரத்தச் சிவப்பணு ஒன்றின் குறுக்களவே ஏறத்தாழ 7,000 நானோமீட்டர் என்று நினைத்துப் பார்த்தால், இந்தக் குமிழ்கள் எத்தனை சிறியவை என்பது விளங்கும். அத்தனை சிறிய ஒரு குமிழுக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட டாக்சோரூபிசின் மூலக்கூறுகள் அடைபட்டிருக்கின்றன.

அடைத்த முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த மருந்தின் நன்மையும் தீமையும் அங்கேதான் தொடங்குகின்றன. கொழுப்புகளை நீரில் கலந்தால் அவை தாமாகவே குமிழ்களாகச் சுருண்டுகொள்கின்றன என்பதை 1960களில் இங்கிலாந்தில் அலெக் பேங்காம் கண்டறிந்தார். குமிழுக்குள் மருந்தை வைத்து அனுப்பலாம் என்ற எண்ணம் விரைவிலேயே எழுந்தாலும், தொடக்கக் காலக் குமிழ்களில் இரண்டு குறைகள் இருந்தன: மருந்து வழியிலேயே கசிந்துவிடும், கசியாமல் எஞ்சியதைக் கல்லீரலும் மண்ணீரலும் சில மணி நேரத்துக்குள் பிடித்து விழுங்கிவிடும். ஜெருசலேமில் யெஹெஸ்கேல் பாரென்ஹோல்ஸ், ஆல்பெர்டோ காபிசோன் ஆகியோரின் குழு முதல் குறைக்குக் கண்ட தீர்வு மிக அழகானது. குமிழுக்குள் முதலில் அம்மோனியம் சல்பேட் கரைசலை நிரப்பி, வெளியிலுள்ள அம்மோனியம் சல்பேட்டை நீக்கிவிட்டு, பிறகு வெளியே டாக்சோரூபிசினைச் சேர்ப்பார்கள். மின்னேற்றமற்ற நிலையில் சவ்வைத் தாண்டி உள்ளே நுழையும் மருந்து, உள்ளே மின்னேற்றம் பெற்று, சல்பேட்டுடன் சேர்ந்து படிகமாக இறுகிவிடுவதால், திரும்பி வெளியேற வழியில்லாமல் போகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் வட்டமான குமிழுக்குள் ஒரு கோல்போன்ற படிகம் கிடப்பது தெரியும். உமிக்குள் அரிசி கிடப்பதைப்போலவே இருக்கும்.

இரண்டாவது குறைக்குத் தீர்வாகக் குமிழின் மேற்பரப்பில் பாலிஎத்திலின் கிளைகால் என்ற, நீரை ஈர்க்கும் நீண்ட இழைகளை நட்டார்கள். இந்த இழைகள் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, இரத்தப் புரதங்கள் குமிழின்மேல் ஒட்டுவதைக் குறைக்கின்றன. புரதம் ஒட்டாத துகளை விழுங்கணுக்கள் எளிதில் அடையாளம் காண்பதில்லை. இதன் பயனாகச் சாதாரண டாக்சோரூபிசின் சில நிமிடங்களில் இரத்தத்தைவிட்டுத் திசுக்களுக்குள் பரவிவிட, லிப்போசோம் வடிவம் நாள்கணக்கில் இரத்தத்திலேயே சுற்றிவருகிறது. அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது இரத்தத்திலுள்ள அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ 55 மணி நேரம். டாக்சில் என்ற பெயரில் 1995 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதலைப் பெற்ற இந்த மருந்தைத்தான் அங்கே ஒப்புதல் பெற்ற முதல் நானோ மருந்து என்று குறிப்பிடுகிறார்கள். முதலில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் கபோசி சார்கோமா என்ற புற்றுநோய்க்கும், 1999இல் சினைப்பைப் புற்றுநோய்க்கும், 2007இல் மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கும் அனுமதி கிடைத்தது.

இனி மதிப்பீட்டுக்கு வருகிறேன். நானோ மருந்துகளைப் பற்றிப் பேசும் பலர், குறி தவறாமல் புற்றுக்கட்டியை மட்டும் தாக்கும் அம்பு என்றே இவற்றை வருணிக்கிறார்கள். அக்காவுக்கும் சிகிச்சைக்கு முன் அப்படித்தான் விளக்கினார்கள். லிப்போசோம் டாக்சோரூபிசினைப் பொறுத்தவரை இந்த வருணனை சரியன்று என்பது என் உறுதியான கருத்து. இதன் மேற்பரப்பில் புற்றணுவைத் தேடிச் சென்று ஒட்டும் எந்தப் பகுதியும் இல்லை. இரத்தம் போகும் இடமெல்லாம் இது போகிறது. வேகவேகமாக முளைத்த புற்றுக்கட்டியின் இரத்தக் குழாய்களில் சுவர் செம்மையாக மூடாமல் இடைவெளிகள் இருப்பதால், நாள்கணக்கில் சுற்றும் குமிழ்களில் ஒரு பகுதி அங்கே கசிந்து தங்கிவிடுகிறது. 1986இல் மட்சுமுராவும் மயேடாவும் சுட்டிக்காட்டிய இந்த இயல்பின்மீதுதான் முழு நம்பிக்கையும் வைக்கப்பட்டது. எலிகளில் சிறப்பாகத் தெரிந்த இந்தக் கசிவு மனிதர்களில் கட்டிக்குக் கட்டி, ஒரே நோயாளியின் உடலுக்குள்ளும் இடத்துக்கு இடம் மாறுகிறது. பத்தாண்டுகளில் வெளியான விலங்கு ஆய்வுகளைத் திரட்டி, டொரன்டோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, பல்வகை நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைந்த அளவின் இடைநிலை மதிப்பு செலுத்தியதில் 0.7 விழுக்காடு மட்டுமே. ஆயிரம் துகள் அனுப்பினால் ஏழு போய்ச் சேர்கிறது. இந்த எண்ணை முதன்முதலில் படித்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து இந்த மருந்தைத் தள்ளிவிடுவதும் பிழை. இதன் உண்மையான சிறப்பு எங்கே போகிறது என்பதில் இல்லை, எங்கே போகாமல் இருக்கிறது என்பதில் இருக்கிறது. மருந்து உடலுக்குள் எவ்வளவு பரவுகிறது என்பதைப் பரவல் கொள்ளளவு என்ற அளவீட்டால் சொல்வோம். சாதாரண டாக்சோரூபிசினுக்கு அது உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 700 முதல் 1,100 லிட்டர் வரை. அதாவது கிடைத்த திசுக்களுக்குள்ளெல்லாம் ஆழமாகப் புகுந்துவிடுகிறது. லிப்போசோம் வடிவத்துக்கு அது 3 லிட்டருக்கும் குறைவு. மருந்து பெரும்பாலும் இரத்தத்துக்குள்ளேயே நிற்கிறது என்று பொருள். இதயத் தசையின் இரத்தக் குழாய்ச் சுவர் நெருக்கமானது. அதன் வழியே குமிழ் எளிதில் வெளியேற முடியாததால், டாக்சோரூபிசினின் மிகக் கொடிய தீங்கான இதயத் தசைச் சிதைவு பெருமளவு குறைகிறது.

இதை எண்களால் காட்டிய ஆய்வு 2004இல் வெளியானது. பரவிய மார்பகப் புற்றுநோயுள்ள 509 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சாதாரண மருந்தையும் மறு பிரிவுக்கு லிப்போசோம் மருந்தையும் கொடுத்தார்கள். நோய் முற்றாமல் இருந்த காலம் லிப்போசோம் பிரிவில் 6.9 மாதம், சாதாரண மருந்துப் பிரிவில் 7.8 மாதம், உயிர்வாழ்ந்த காலம் முறையே 21, 22 மாதம். புற்றுநோயை எதிர்ப்பதில் புதிய வடிவம் பழையதை மிஞ்சவில்லை, அதற்கு இணையாகவே நின்றது. இதயப் பாதிப்பின் அபாயமோ சாதாரண மருந்தில் மூன்று மடங்குக்கும் அதிகமாக இருந்தது. தலைமுடி உதிர்வு 66 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. படிகமாக இறுக்கி அடைத்த மருந்து மெதுவாகவே வெளிவரும் என்பதால், கட்டியைச் சென்றடைந்த குமிழும் தன்னிடமுள்ளதை ஒரேயடியாகக் கொட்டிவிடுவதில்லை. திறனில் முன்னேற்றம் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது.

அக்காவுக்கு இந்த வேறுபாடு புத்தகச் செய்தி அல்ல. சாதாரண டாக்சோரூபிசினை வாழ்நாள் முழுவதற்குமாகச் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் வரைதான் கொடுக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் இதயம் செயலிழக்கும் அபாயம் செங்குத்தாக ஏறும். அவர் முதல் நோயின்போதே 60 மில்லிகிராம் வீதம் நான்கு முறை, ஆக 240 பெற்றுவிட்டார். அந்தக் கணக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்தும் அழியாது. மீண்டும் அதே மருந்தைச் சாதாரண வடிவில் கொடுக்க மருத்துவர் தயங்கினார். லிப்போசோம் வடிவில் 40 மில்லிகிராம் வீதம், நான்கு வாரத்துக்கு ஒருமுறை, எக்கோ பரிசோதனையுடன் தொடங்க ஒப்புக்கொண்டார். சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்ட அளவு 50 மில்லிகிராம். நடைமுறையில் 40 கொடுப்பது பரவலான வழக்கம்.

மருந்தைத் தயாரிப்பவர்களுக்கு இது பொறுமையைக் கேட்கும் பொருள். 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்பதனத்தில் வைக்க வேண்டும், உறைய விடக் கூடாது. 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸில் மட்டுமே கலக்க வேண்டும். சலைனில் கலக்கக் கூடாது. ஏற்றும் குழாயில் வடிகட்டி பொருத்தக் கூடாது. கலந்த பிறகு குளிர்பதனத்தில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். இவற்றில் ஒன்றுகூடத் தேவையற்ற கெடுபிடி இல்லை. குமிழ் சிதைந்தால் நம் கையில் மிஞ்சுவது பழைய டாக்சோரூபிசின்தான்.

முதல் நாள் அனுபவம் கடினமாக இருந்தது. நிமிடத்துக்கு 1 மில்லிகிராம் வேகத்தில் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அக்காவின் முகம் சிவந்தது, முதுகு வலித்தது, மூச்சு முட்டுகிறது என்றார். செவிலியர் உடனே குழாயை மூடினார். அரைமணி நேரத்தில் எல்லாம் தணிந்தது. பிறகு மிக மெதுவாகத் தொடங்கி மூன்று மணி நேரத்தில் முடித்தார்கள். இந்த எதிர்வினை வழக்கமான ஒவ்வாமை போன்றதன்று. வழக்கமான ஒவ்வாமைக்கு உடல் அந்தப் பொருளை முன்பே சந்தித்திருக்க வேண்டும். இங்கோ இரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் என்ற பாதுகாப்புப் புரதத் தொகுதி, குமிழை நுண்ணுயிர் என்று எண்ணி முதல் சந்திப்பிலேயே கிளர்ந்தெழுகிறது. அதனால்தான் இது பெரும்பாலும் முதல் முறையில் வருகிறது, அடுத்தடுத்த முறைகளில் வருவது அரிது. அக்காவுக்கும் இரண்டாம் முறையிலிருந்து ஒன்றும் நேரவில்லை. இதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லி வைத்தால் அந்தப் பத்து நிமிடத்தின் அச்சமாவது குறையும். நானே அருகில் இருந்தும் அதைச் சொல்லி வைக்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

இந்த மருந்தின் விலையை உண்மையில் கொடுத்தவை அவருடைய கைகளும் பாதங்களும். இதயத்துக்குப் போகாத மருந்து எங்கோ போகத்தானே வேண்டும்? நாள்கணக்கில் சுற்றும் குமிழ்கள், அழுத்தமும் உராய்வும் வெப்பமும் அதிகமுள்ள தோல்பகுதிகளின் நுண்குழாய்களிலிருந்து கசிகின்றன. வியர்வை வழியாகவும் மருந்து தோலின் மேற்பரப்புக்கு வருகிறது. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, வீங்கி, தோல் உரியும். மேலே சொன்ன 2004ஆம் ஆண்டு ஆய்வில் சாதாரண மருந்துப் பிரிவில் 2 விழுக்காட்டினருக்கே வந்த இந்தப் பாதிப்பு, லிப்போசோம் பிரிவில் 48 விழுக்காட்டினருக்கு வந்தது. இரண்டாம் சுற்றுக்குப் பிறகு அக்காவின் உள்ளங்கை வெயிலில் காய்ந்த செம்மண்போல ஆனது. மூன்றாம் சுற்றுக்குப் பிறகு சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. படுக்கையிலிருந்து குளியலறை வரை நடப்பதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு, பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடந்தார். மோதிரம் அணிந்திருந்த விரலிலும், செருப்பின் வார் பட்ட இடத்திலும் புண் ஆழமாக இருந்தது. அழுத்தம் பட்ட இடத்தில்தான் குமிழ் கசியும் என்பதற்கு வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

இந்தப் பாதிப்பைக் கையாளப் பெரிய மருந்துகள் இல்லை. முன்கவனம்தான் பெரிய உதவி. மருந்து ஏற்றிய நாளிலிருந்து நான்கைந்து நாள் வெந்நீரில் குளிக்காமல் இருப்பது, துணி பிழிவது, பாத்திரம் தேய்ப்பது போன்ற அழுத்தும் வேலைகளை விட்டுவிடுவது, மோதிரத்தையும் இறுக்கமான காலணிகளையும் கழற்றி வைப்பது, தோலைத் தேய்க்காமல் மெல்ல ஈரப்பசைக் களிம்பு பூசுவது ஆகியவை பலன் தருகின்றன. சில இடங்களில் மருந்து ஏறும்போது கை, கால்களுக்குக் குளிர் ஒத்தடம் வைக்கிறார்கள். குளிரில் நுண்குழாய்கள் சுருங்கும் என்பது அதன் அடிப்படை. புண் கடுமையானால் ஒரே வழி, அடுத்த சுற்றைத் தள்ளிவைத்து, அளவைக் கால் பங்கு குறைப்பது. அக்காவுக்கு இரண்டு வாரம் தள்ளி, நான்காம் சுற்றிலிருந்து 30 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு கைகள் மெல்லத் தேறின. வாய்ப்புண்ணும் வந்தது, ஆனால் அது தாங்கக்கூடிய அளவில் இருந்தது.

ஒப்பிட்டுச் சொல்வதானால், முதல் நோயின்போது மூன்றாம் வாரத்திலேயே தலைமுடி முழுவதும் உதிர்ந்துவிட்டது. வாந்தியும் கடுமையாக இருந்தது. இம்முறை முடி சற்று மெலிந்ததோடு சரி, வாந்தியும் குறைவு. "போன தடவை கண்ணாடியைப் பார்க்கப் பயந்தேன், இந்தத் தடவை கதவுப் பூட்டைத் தொடப் பயப்படுகிறேன்" என்றார் அக்கா. எது மேல் என்று கேட்டதற்கு, கை ஆறிவிடும் அல்லவா, இதயம் ஆறாதே என்று பதில் சொன்னார். அவருக்கு ஆறு சுற்றுகளும் முடிந்தன. 40 வீதம் மூன்றும் 30 வீதம் மூன்றுமாக 210. பழைய 240உடன் சேர்த்து 450 என்ற இடத்தில் மருத்துவர் நிறுத்திக்கொண்டார். குமிழுக்குள் இருந்தாலும் டாக்சோரூபிசின் டாக்சோரூபிசின்தான், பழைய கணக்கோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்பது அவர் நிலை. அது சரியான எச்சரிக்கை. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தின் பங்கான வெளியேற்ற அளவு தொடக்கத்தில் 60 விழுக்காடு, இறுதியில் 58. கட்டிகள் சுருங்கவில்லை, ஆனால் அந்த மாதங்களில் வளரவும் இல்லை. நீண்டகாலம், அதாவது ஓராண்டுக்கும் மேல் பெற்றவர்களில் சிலருக்கு வாய்ப் புற்றுநோய் தோன்றியதாக மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பிலேயே இருப்பதால், இப்போதும் அவர் வாயைப் பரிசோதித்துக்கொள்கிறார்.

மற்ற நானோ மருந்துகளோடு வைத்துப் பார்த்தாலும் இதே பாடம் தெரிகிறது. பூஞ்சைத் தொற்றுக்கான ஆம்ஃபோடெரிசினை லிப்போசோமில் அடைத்ததால் கிடைத்த பெரிய நன்மை, சிறுநீரகப் பாதிப்பு குறைந்ததே. 2005இல் வந்த, ஆல்புமின் புரதத்தோடு பிணைத்த பாக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தில், ஒவ்வாமையைத் தூண்டும் பழைய கரைப்பானை அகற்றிவிட்டதால் மூன்று மணி நேர ஏற்றம் அரைமணி நேரமாகச் சுருங்கியது. உண்மையிலேயே இலக்கை அடைவதில் வெற்றி கண்டது என்று நான் கருதுவது 2018இல் ஒப்புதல் பெற்ற பாடிசிரான் என்ற, ஒரு பரம்பரை நோய்க்கான நானோ மருந்து. ஆனால் அதன் இலக்கு கல்லீரல். நானோ துகள்களை உடல் தானாகவே கொண்டு சேர்க்கும் உறுப்பு அது. உடலின் இயல்போடு ஒத்துப்போன இடத்தில் துல்லியம் கைகூடியது. புற்றுக்கட்டியில் அந்த வசதி இல்லை.

ஆகவே யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? இதயம் பலவீனமானவர்கள், முன்பே டாக்சோரூபிசின் வகை மருந்து பெற்றவர்கள், முதியவர்கள் ஆகியோர் தங்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். கையால் செய்யும் தொழிலை நம்பி வாழ்பவர்கள், நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர்கள் ஒப்புக்கொள்ளும் முன், மாதக்கணக்கில் கைகால்களின் நிலை என்னவாகும் என்பதை விளக்கமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண மருந்தைவிட வேகமாகக் குணமாக்கும் என்ற எதிர்பார்ப்போடு இதை நாடுபவர்கள் ஏமாற்றமடைவார்கள்.

தயாரிப்பாளர்கள் அனைவரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இரண்டு மருந்துகளின் பெயரிலும் டாக்சோரூபிசின் என்ற சொல் இருக்கிறது; இரண்டும் சிவப்பு; இரண்டும் ஒரே குளிர்பதனப் பெட்டியில் இருக்கின்றன. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. நாள்கணக்கில் மெதுவாக வெளிவர வேண்டியது ஒரேயடியாக உடலில் பரவிவிடும், அல்லது விரைவில் பரவ வேண்டியது நாள்கணக்கில் தங்கிவிடும். ஒருமுறை என்னிடம் வந்த மருந்துச் சீட்டில் "டாக்சோரூபிசின்" என்று மட்டும் எழுதியிருந்தது. அளவும் இடைவெளியும் நெருடலாக இருந்ததால் தொலைபேசியில் கேட்டேன். லிப்போசோம் என்ற சொல் விடுபட்டிருந்தது. அன்று கேட்கத் தோன்றியது. பதினெட்டு மருந்துகள் வரிசையில் காத்திருக்கும் ஒரு காலையில் தோன்றாமலும் போகலாம். லிப்போசோம் என்ற சொல்லைப் பெட்டியிலும் குப்பியிலும் மருந்தின் பெயரைவிடப் பெரிய எழுத்தில், தனி நிறப் பட்டையோடு அச்சிடுங்கள்.